ஏர் ஜோர்டான் 11: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கூடைப்பந்து ஷூக்களைச் சேர்க்கத் தொடங்குகிற நண்பர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஷூவைப் பற்றித்தான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு மிகவும் பிடித்த ஷூ இது. அதனால் சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏர் ஜோர்டான் 11 என்பது எந்த ஷூ? பார்த்ததும் எப்படித் தெரிந்துகொள்வது?

ஷூவின் அடிப்பகுதியைச் சுற்றி, விரல் நுனியிலிருந்து குதிகால் வரை கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒரு பட்டை ஓடும். அதுதான் பேட்டன்ட் லெதர். அதற்கு மேலே முரட்டு நைலான் துணி. அடியில் ஒளி ஊடுருவும் ரப்பர் சோல். கணுக்காலின் வெளிப்பக்கம் பந்தோடு தாவும் மனிதனின் சின்னம், குதிகாலில் 23 என்ற எண். இவ்வளவும் சேர்ந்திருந்தால் அது 11-தான். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் பெயரில் நைக்கி நிறுவனம் 1985-இல் தொடங்கிய வரிசையில் இது பதினோராவது. 1995 நவம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. விலை 125 டாலர்.

வடிவமைத்தது யார்?

டிங்கர் ஹாட்ஃபீல்ட். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். அங்கே கோலூன்றித் தாண்டும் வீரராகவும் இருந்தார். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் பில் பவர்மன், அதாவது நைக்கியை நிறுவிய இருவரில் ஒருவர். 1981-இல் நைக்கியில் சேர்ந்தபோது ஹாட்ஃபீல்டின் வேலை அலுவலகங்களையும் கடைகளையும் வடிவமைப்பது. ஷூ பக்கம் வந்தது அதற்கு அப்புறம்தான்.

ஜோர்டான் வரிசையின் முதல் ஷூவை வரைந்தவர் பீட்டர் மூர். 1988-இல் வந்த மூன்றாவது ஷூவிலிருந்து ஹாட்ஃபீல்ட் பொறுப்பேற்றார். அந்தச் சமயத்தில் ஜோர்டான் நைக்கியை விட்டே போய்விடும் மனநிலையில் இருந்தார். அப்போது ஹாட்ஃபீல்ட் செய்தது, உட்கார்ந்து அவரிடமே கேட்டதுதான்: உனக்கு ஷூவில் என்ன வேண்டும்? கணுக்காலை முழுதாக மூடாத நடுத்தர உயரம் வேண்டும், புதிதாகப் போட்ட அன்றே காலுக்குப் பழகிவிடும் மென்மையான தோல் வேண்டும் என்றார் ஜோர்டான். இரண்டும் மூன்றாவது ஷூவில் கிடைத்தன. அன்றிலிருந்து ஆடுகிறவர் சொல்வதைக் கேட்டு வரைவது இந்த வரிசையின் வழக்கம் ஆனது. 11-ஐப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தெரிந்திருக்க வேண்டும்.

ஜோர்டான் ஓய்வு பெற்றிருந்த நேரத்தில்தானே இதை வரைந்தார்கள்? ஆளே ஆடாதபோது ஷூ எதற்கு?

நல்ல கேள்வி. 1993 ஜூலையில் ஜோர்டானின் அப்பா ஜேம்ஸ் ஜோர்டான் கொலை செய்யப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஜோர்டான் ஓய்வை அறிவித்தார். 1994-இல் பேஸ்பால் மட்டையோடு பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற சிறிய அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பிடித்த விளையாட்டு அது. இனி இந்த ஷூ வரிசை எதற்கு என்ற பேச்சு நைக்கிக்குள் எழுந்தது. ஹாட்ஃபீல்ட் அதைக் காதில் வாங்கவில்லை. ஜோர்டான் திரும்பி வருவார் என்று நம்பி 11-ஐ வரைந்துகொண்டே இருந்தார்.

1995 மார்ச் 18-ஆம் தேதி ஜோர்டான் தரப்பிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ‘நான் திரும்பி வந்துவிட்டேன்’ என்பதுதான் மொத்தச் செய்தி. அவர் வந்தபோது ஷூ ஏறக்குறைய தயாராக இருந்தது. ஒருவர் மேல் இன்னொருவர் வைத்த நம்பிக்கையில் பிறந்த பொருள் என்பதாலும் எனக்கு இதன்மேல் ஒரு தனிப் பிரியம்.

பேட்டன்ட் லெதர் எதற்கு? கல்யாண வரவேற்புக்குப் போடும் ஷூவில்தானே அது இருக்கும்?

இந்த ஷூவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். பளபளப்பு இங்கே அலங்காரத்துக்காக மட்டும் வரவில்லை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

பேட்டன்ட் லெதர் என்பது தோலின் மேல் பளபளப்பான ஒரு பூச்சை ஏற்றிச் செய்வது. அந்தக் காலத்தில் ஆளிவிதை எண்ணெய் வார்னிஷைப் பல தடவை பூசினார்கள். இப்போது பிளாஸ்டிக் வகைப் பூச்சு. பூச்சு ஏறிய தோல் சாதாரணத் தோலைப் போல இழுபடாது. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

கூடைப்பந்தில் ஓடிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று பக்கவாட்டில் வெட்டித் திரும்புவீர்கள். அந்த ஒரு நொடியில் உடம்பின் எடை முழுக்கப் பாதத்தின் வெளி ஓரத்தில் இறங்கும். ஷூவின் தோல் இளகியிருந்தால் பாதம் சோலின் விளிம்பைத் தாண்டி வெளியே சரியும். அப்படிச் சரிந்தால் கணுக்கால் சுளுக்கும். இழுபடாத ஒரு வளையத்தைப் பாதத்தைச் சுற்றிப் போட்டுவிட்டால் பாதம் சோலின் மேலேயே நிற்கும். 11-இன் பளபளக்கும் பட்டை அந்த வளையம்தான். அழுத்தம் விழும் இடத்தில் அது இருக்கிறது. மேலே, பாதம் மடங்கி அசைய வேண்டிய இடத்தில், எடை குறைந்த நைலான். இந்த இரண்டும் சந்திக்கும் கோடுதான் நாம் பார்த்து ரசிக்கும் வளைவு.

ஜோர்டானுக்கும் இதில் பங்கு உண்டு. பளபளப்பான தோலில் ஒரு ஷூ வேண்டும் என்று அவர் முன்பே கேட்டிருந்தார். மாதிரி ஷூவைப் பார்த்ததும், இதை கோட் சூட்டோடும் போடுவார்கள் என்று சொன்னார். அது நடக்கவும் செய்தது. இன்று அமெரிக்காவில் கல்யாண மாப்பிள்ளைகள் சூட்டுக்குக் கீழே 11 போட்டுக்கொள்வது சகஜம்.

மற்ற பாகங்கள்?

மேல் துணி பாலிஸ்டிக் நைலான் வகை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப் படையினரின் பாதுகாப்பு அங்கிக்காக உருவானது. பிறகு பெட்டி, பைகளுக்கு வந்து சேர்ந்தது. தோலைவிட எடை குறைவு, லேசில் கிழியாது.

பாதத்தின் வளைவுக்கு நேர் கீழே கார்பன் ஃபைபர் தகடு. ஷூவைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சாதாரண ஷூ முறுக்கிக்கொள்ளும், 11 முறுக்காது. தாவும்போதும் இறங்கும்போதும் பாதத்தின் நடுப்பகுதி திருகாமல் அந்தத் தகடு தாங்குகிறது. ஷூவைத் திருப்பிப் பிடித்தால் நெசவு போட்டதுபோல் கறுப்பாகத் தெரியும் அந்தத் தகட்டை நீங்களே பார்க்கலாம்.

மிட்சோலுக்குள், அதாவது அடி ரப்பருக்கு மேலே இருக்கும் நுரை அடுக்குக்குள், குதிகாலிலிருந்து விரல் வரை நீளும் ஒரே காற்றுப் பை. சில ஷூக்களில் ஜன்னல் வைத்து அதை வெளியே காட்டுவார்கள், இதில் காட்டவில்லை. லேஸ் போகத் துளைகள் கிடையாது, நாடாவால் ஆன வளையங்கள். ஒரே இழுப்பில் எல்லாம் இறுகும். அவ்வளவுதான்.

ஜோர்டான் இதை முதன்முதலில் ஆட்டத்தில் போட்டது எப்போது?

1995 மே மாதம், ஆர்லாண்டோ மேஜிக் அணிக்கு எதிரான பிளேஆஃப் தொடரில், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்களில். கடைக்கு வர இன்னும் ஆறு மாதம் இருந்தது. காலில் இருந்தது வெறும் மாதிரி ஷூ. இப்போதே போட்டுக்கொண்டு ஆட வேண்டாம் என்று ஹாட்ஃபீல்ட் சொல்லியிருந்தார். ஜோர்டான் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தத் தொடரைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இந்த ஷூவைச் சேர்ப்பவர்கள் 45, 23 என்று எண்களைப் பற்றிப் பேசுவது அங்கிருந்துதான் வருகிறது.

ஜோர்டான் ஓய்வு பெற்றதும் அவர் ஆடிய சிகாகோ புல்ஸ் அணி அவருடைய 23-ஆம் எண்ணுக்கும் ஓய்வு கொடுத்து, அந்தச் சட்டையை அரங்கத்தின் உச்சியில் தொங்கவிட்டுவிட்டது. திரும்பி வந்தவர் 45-ஐ எடுத்துக்கொண்டார். மார்ச் கடைசியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 55 புள்ளிகள் அடித்தார். ஆனாலும் பழைய வேகம் ஒவ்வோர் ஆட்டத்திலும் வரவில்லை. ஆர்லாண்டோவோடு முதல் ஆட்டம், கடைசி நொடிகள், புல்ஸ் ஒரு புள்ளி முன்னிலை. பந்தைத் தட்டிக்கொண்டு வந்த ஜோர்டானின் முதுகுப்பக்கமிருந்து ஆர்லாண்டோ வீரர் நிக் ஆண்டர்சன் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார். ஆர்லாண்டோ 94–91 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் ஆண்டர்சன் ஒன்று சொன்னார்: பழைய 23 பாய்ந்த மாதிரி இந்த 45 பாய்வதில்லை என்ற பொருளில்.

அடுத்த ஆட்டத்துக்கு ஜோர்டான் 23 போட்ட சட்டையோடு வந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 38 புள்ளிகள் அடித்தார், புல்ஸ் ஜெயித்தது. முன்னறிவிப்பு இல்லாமல் எண்ணை மாற்றியதற்காக, இந்த ஆட்டங்களை நடத்தும் லீக்கான என்பிஏ அந்த அணிக்கு 25,000 டாலர் அபராதம் போட்டது. தொடரை முடிவில் ஆர்லாண்டோ 4–2 என்று எடுத்துக்கொண்டது. காலில் புது ஷூ இருந்தும் ஜோர்டான் தோற்ற தொடர் இது. விளம்பரங்களில் இது அதிகம் வராது. ஆனால் 11-இன் கதை தோல்வியில் தொடங்குகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி.

வெள்ளை ஷூவுக்கும் பிரச்சினை வந்தது என்கிறார்களே?

ஆமாம். பிளேஆஃப் ஆட்டங்களில் புல்ஸ் அணி மொத்தமும் கறுப்பு ஷூ போடுவது வழக்கம். ஜோர்டான் மட்டும் வெள்ளையில் வந்து நின்றதை லீக் ஏற்கவில்லை. உடனே மாற்றுக் கறுப்பு ஷூ இல்லாததால், தொடரின் நடுவே அவர் பென்னி ஹார்டவேயின் நைக்கி ஷூவைப் போட்டு ஆடினார். ஹார்டவே வேறு யாரும் இல்லை, எதிரணியான ஆர்லாண்டோவின் நட்சத்திரம்! பிறகு 11-லேயே கறுப்பில் ஒன்று அவசரமாக வந்து சேர்ந்தது. அந்தக் கறுப்பு ஜோடிக்குத்தான் பின்னாளில் ‘ஸ்பேஸ் ஜாம்’ என்று பெயர் விழுந்தது.

சினிமா பெயர் எப்படி ஒட்டியது?

1996 நவம்பரில் வெளியான ‘ஸ்பேஸ் ஜாம்’ படத்தில் ஜோர்டான் அந்தக் கறுப்பு ஷூவோடு கார்ட்டூன் பாத்திரங்களின் அணிக்காக ஆடுவார். படப்பிடிப்பு நடந்தது 1995 கோடையில். ஆர்லாண்டோவிடம் தோற்ற கையோடு. படப்பிடிப்பு வளாகத்திலேயே அவருக்காக ஒரு கூடாரம் போட்டு, உள்ளே கூடைப்பந்துத் தளமும் உடற்பயிற்சிக் கருவிகளும் வைத்துக் கொடுத்தார்கள். பகலில் நடிப்பு, மாலையில் மற்ற என்பிஏ வீரர்களை வரவழைத்து ஆட்டம். பேஸ்பாலுக்குப் பழகியிருந்த உடம்பை அங்கேதான் கூடைப்பந்துக்குத் திருப்பினார்.

படம் வந்து நான்கு வருடம் அந்தக் கலர் கடைக்கு வரவே இல்லை. 2000-இல்தான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. திரையில் பார்த்த பிள்ளைகள் அதற்குள் சம்பாதிக்கிற வயதுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

72–10 என்று பெட்டிகளிலும் பதிவுகளிலும் வருகிறதே, அது என்ன?

1995–96 சீசனில் புல்ஸ் அணி 82 ஆட்டங்களில் 72-ஐ ஜெயித்துப் பத்தை மட்டும் தோற்றது. 2015–16-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 73–9 என்று முடிக்கும்வரை இருபது வருடம் அந்தச் சாதனை நின்றது. அந்த சீசன் முழுக்க ஜோர்டான் காலில் 11. சீசனின் சிறந்த வீரர், ஆல்ஸ்டார் ஆட்டத்தின் (லீக்கின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் காட்சி ஆட்டம்) சிறந்த வீரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் என்று மூன்று விருதுகளும் ஒரே ஆண்டில் அவருக்குக் கிடைத்தன.

இறுதித் தொடரில் சியாட்டில் சூப்பர்சானிக்ஸை 4–2 என்று வென்ற நாள் 1996 ஜூன் 16. அமெரிக்காவில் அன்று தந்தையர் தினம். அப்பா போன பிறகு ஜோர்டான் வென்ற முதல் கோப்பை. ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறைக்குள் போய், பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து அழுதார். அந்தக் காட்சி பதிவாகியிருக்கிறது. அந்தத் தொடரில் போட்டது கறுப்பும் சிவப்புமான 11. அந்தக் கலரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும்.

கலர்களுக்கு ஏன் இப்படி விதவிதமான பெயர்கள்?

கடையில் முதலில் போட்ட பெயர்கள் அல்ல, பெரும்பாலும் சேகரிப்பவர்கள் வைத்தவை. முக்கியமானவை இவை:

கான்கார்ட் என்றால் வெள்ளைத் துணி, கறுப்புப் பளபளப்பு. சோலிலும் சின்னத்திலும் வரும் கருநீல ஊதாவுக்கு நைக்கி வைத்த பெயர் கான்கார்ட், அதுவே மொத்த ஷூவுக்கும் ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஜாம், ஜூஸ் செய்யும் கறுப்புத் திராட்சைக்கும் இதே பெயர்தான். நிறமும் அதை ஒட்டியதே. பிரெட் என்பது கறுப்பு, சிவப்பு இரண்டின் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து நறுக்கியது. கொலம்பியா என்பது முழு வெள்ளையில் இளநீலம் தொட்டது. 1996 ஆல்ஸ்டார் ஆட்டத்தில் ஜோர்டான் போட்டது. பிறகு ‘லெஜண்ட் ப்ளூ’ என்ற பெயரிலும் 2014-இல் வந்தது. கூல் கிரே 2001-இல் வந்த சாம்பல் கலர். தொண்ணூறுகளின் கதை எதுவும் அதற்கு இல்லை, ஆனாலும் அழகுக்காகவே தேடுகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ரெட்ரோ என்றால் என்ன? அசலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பழைய ஷூவை அதே வடிவத்தில் நைக்கியே மறுபடி தயாரித்து விற்பது ரெட்ரோ. அதனால் ரெட்ரோவைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். ஜோர்டான் வரிசையில் இது 1994-இலேயே தொடங்கிவிட்டது. 11-இன் ரெட்ரோக்கள் 2000-இல் தொடங்கின. கான்கார்ட் 2000, 2011, 2018 ஆகிய ஆண்டுகளில் வந்தது. ஸ்பேஸ் ஜாம் 2000, 2009, 2016. கூல் கிரே 2001, 2010, 2021. ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள், பெரிய வெளியீடுகள் டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும். பல அமெரிக்கக் குடும்பங்களுக்கு இது பண்டிகை வழக்கமாகவே ஆகிவிட்டது, நம் வீடுகளில் தீபாவளிச் சட்டை மாதிரி.

வித்தியாசம் பார்க்க வேண்டிய இடம் அந்தப் பளபளப்புப் பட்டையின் உயரம். 1995 அசலில் பட்டை விரல் பக்கத்தில் நன்றாக மேலேறி நிற்கும். நடுவில் வந்த பல ரெட்ரோக்களில் அதைத் தாழ்வாக வெட்டிவிட்டார்கள். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் ஷூ தட்டையாகத் தெரியும். சேகரிப்பவர்கள் வருடக்கணக்காகக் குறைபட்டுக்கொண்டார்கள். 2016 ஸ்பேஸ் ஜாமில் பட்டை மறுபடி உயர்ந்தது, 2018 கான்கார்டிலும் அப்படியே. இந்த இரண்டிலும் குதிகாலில் 23-க்குப் பதிலாக 45 இருக்கும். ஆர்லாண்டோ தொடரின் நினைவாக. எண் தப்பாக இருக்கிறது என்று பயந்து நல்ல ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அப்படித்தான் செய்தான்.

2011-இல் என்ன நடந்தது?

டிசம்பர் 23, 2011. கான்கார்ட் ரெட்ரோ, 180 டாலர். அமெரிக்காவின் பல ஊர்களில் விடிவதற்கு முன்பே வணிக வளாகங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிவிட்டார்கள். கதவை உடைத்து உள்ளே நுழைந்தார்கள், தள்ளுமுள்ளு, சண்டை. சியாட்டில் அருகே ஒரு வளாகத்தில் கூட்டத்தைக் கலைக்க போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. ஒரு ஷூவுக்காக மனிதர்கள் அடிபட்டது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். இப்போது பெரும்பாலும் செயலி வழியாகப் பதிவு, குலுக்கல் என்று வைத்திருக்கிறார்கள். கிடைக்காத ஏமாற்றம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் யாரும் மிதிபடுவதில்லை.

விலை எவ்வளவு ஏறியிருக்கிறது?

கடை விலையை மட்டும் சொல்கிறேன். 1995-இல் 125 டாலர், 2011-இல் 180, 2018-இல் 220, 2021-இல் 225. மறுவிற்பனை விலை ஒவ்வொரு வாரமும் மாறும். அதை நம்பிப் பணத்தை முடக்காதீர்கள். ரெட்ரோ எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரலாம், வந்தால் பழையதன் விலை இறங்கலாம்.

ஜோர்டான் காலிலேயே இருந்த ஷூ என்றால் கணக்கு வேறு. அவர் ஆறு கோப்பைகளை வென்ற ஆறு கடைசி ஆட்டங்களில் போட்ட ஷூக்களிலிருந்து ஒவ்வொன்று, மொத்தம் ஆறு ஒற்றை ஷூக்கள், 2024 பிப்ரவரியில் சதபீஸ் ஏலத்தில் 80 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதில் 1996-இன் 11-உம் ஒன்று.

வெள்ளையாக இருந்த சோல் மஞ்சளாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. ஒளி ஊடுருவும் ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெதுவாக வினைபுரியும். வெயில், சூடு, ஈரம் மூன்றும் அதை வேகப்படுத்தும். போடாமல் பெட்டிக்குள் வைத்தாலும் மஞ்சளாகும், தாமதமாக ஆகும், அவ்வளவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு களிம்பைத் தடவி வெயிலில் வைத்து வெளுக்கிறார்கள். கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும், பிறகு மறுபடி மஞ்சளாகும். அடிக்கடி செய்தால் ரப்பர் விறைத்துவிடும். நான் செய்வதில்லை. பித்தளைப் பாத்திரம் கறுப்பதுபோல இதற்கும் வயதாகிறது என்று விட்டுவிடுகிறேன்.

பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தால் எத்தனை வருடம் தாங்கும்?

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். பழைய ரெட்ரோ ஒன்றை இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். ‘ஒரு தடவைகூடக் காலில் ஏறாதது’ என்றார், உண்மையும் அதுதான். பெட்டியைத் திறந்தால் தாள் கலையவில்லை, பளபளப்பில் ஒரு கீறல் கிடையாது. ஆசையாகப் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். மூன்றாவது படியிலேயே ‘சப்’பென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் வலது சோல் முன்பக்கம் வாயைப் பிளந்து நிற்கிறது. தெருமுனைக்குப் போவதற்குள் இடது சோலும் விட்டுவிட்டது.

காரணம் பசை. ஷூவை ஒட்டும் பசைக்கு ஆயுள் உண்டு. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றும் சூடும் அந்த ஆயுளைப் பாதியாக்கிவிடும். போட்டு நடக்கும்போது பாகங்கள் வளைந்து கொடுத்துப் பழகியிருக்கும். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த ஷூ முதல் அழுத்தத்திலேயே விட்டுவிடும். அதனால் ‘போடாதது’ என்ற சொல்லைக் கேட்டதும் மயங்காதீர்கள், எந்த வருடம் தயாரானது என்று கேளுங்கள்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. ஜோர்டான் 3, 4, 5, 6 ஆகியவற்றின் மிட்சோல் பாலியூரித்தேன் நுரை. ஈரம் அதை உள்ளிருந்தே அரித்து, ஒரு நாள் ரஸ்க் மாதிரி உதிர்த்துவிடும். அதற்கு வைத்தியம் இல்லை. 11-இன் மிட்சோல் ஃபைலான் என்ற வேறு நுரை, அப்படி உதிராது. பெரும்பாலும் ஒட்டுதான் விடும். என் ஜோடியைத் தெருவோரம் உட்கார்ந்து செருப்பு தைக்கும் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, காயும்வரை காத்திருந்து, சுத்தியலால் தட்டி ஒட்டிக் கொடுத்தார். ஒட்டும்போது ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அடியில ஏதோ தகடு வச்சிருக்கான், நல்ல வேலை தம்பி’ என்றார். கார்பன் தகட்டை அவர் விரலால் தட்டிப் பார்த்த விதத்தில், அதை வரைந்தவருக்குக் கிடைத்த மரியாதை இருந்தது. அந்த ஜோடி இன்றும் உழைக்கிறது.

வைத்திருக்கும் முறை: காற்றோட்டமான, வெயில் படாத இடம். வாரம் ஒரு தடவையாவது போட்டு நடங்கள். இரண்டு ஜோடியின் பளபளப்புப் பட்டைகள் ஒன்றோடொன்று உரச வைக்காதீர்கள், ஒன்றின் கலர் இன்னொன்றில் ஏறிவிடும். துடைக்க ஈரத்துணி போதும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் ஊர்க் கடைவீதியில் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். விலை நம்பும்படி இருந்தால் மூன்று இடம் பாருங்கள். ஒன்று, ஷூவுக்குள் தைத்திருக்கும் லேபிளில் ஆறு எண்கள், ஒரு கோடு, மூன்று எண்கள் என்று ஒரு குறியீடு இருக்கும். 2018 கான்கார்டுக்கு அது 378037-100. பெட்டியிலும் அதுவே இருக்க வேண்டும், அந்தக் கலருக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். புதிய வெளியீடுகளில் தொடக்கத்தில் எழுத்தும் வரும். இரண்டாவது, கார்பன் தகடு. அசலை வெளிச்சத்தில் சாய்த்தால் நெசவு ஆழமாக மின்னி நகரும். போலியில் கட்டம் போட்ட ஸ்டிக்கர் மாதிரி தட்டையாகக் கிடக்கும். மூன்றாவது, நான் முன்னே சொன்ன முறுக்குச் சோதனை. சின்னத்தையும் எண்ணையும் தையலையும் போலிக்காரர்கள் நன்றாகவே காப்பியடித்துவிடுகிறார்கள். வெளியே தெரியாத பாகத்துக்கு அவர்கள் செலவு செய்வதில்லை.

இதைப் போட்டு இன்றைக்கு ஆடலாமா?

மரத்தளம் உள்ள உள்ளரங்கத்தில் தாராளமாக ஆடலாம். பக்கவாட்டுப் பிடிப்பு இன்றும் அருமை. இன்றைய ஷூக்களின் மெத்தை இதைவிட மென்மை என்பது உண்மை. சிமென்ட் தரையில் வேண்டாம், அந்தத் தெளிவான ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும். எதை வாங்குவது?

2018 கான்கார்ட். பட்டையின் உயரம் சரியாக இருக்கிறது, குதிகாலில் 45 இருக்கிறது, இன்னும் தேடினால் கிடைக்கிறது. வாங்கிய அன்றே பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். லேஸைக் கீழ் வளையத்திலிருந்து மேல் வளையம்வரை ஒரே இழுப்பாக இழுத்துக் கட்டி, எழுந்து நின்று, ஓர் அடி ஓடிச் சட்டென்று இடப்பக்கம் வெட்டிப் பாருங்கள். பாதம் வெளியே போகப் பார்க்கும், அந்தப் பளபளப்புப் பட்டை விடாது.